எர்ப் புள்ளியில் ஆறு நரம்பு

அன்பு மாணவிக்கு,

பிசியோதெரபிஸ்டாக எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, 31 வயதில் எம்.பி.பி.எஸ். சேரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். கேள்வியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குக் கீழே நீ எழுதியிருந்த வரிதான் உறுத்துகிறது. “இந்த வயதில் மனப்பாடம் வராது சார். ஆனால் அனுபவம் இருக்கிறதே, புரிந்துகொண்டு படித்துச் சமாளித்துவிடுவேன்.” இதில் முதல் பாதி தப்பு. இரண்டாம் பாதி அதைவிடப் பெரிய தப்பு.

சட்டத்தை நினைத்துப் பயப்படாதே. 2018இல் நீட் எழுதப் பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வயது வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த வரம்பையே எடுத்துவிட்டது. ஒடிசாவில் வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற ஒருவர் 64 வயதில் நீட் தேறி, 2020இல் பூர்லா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த செய்தியை வெட்டி அனுப்பியிருந்தாய். மகிழ்ச்சிதான். ஆனால் இப்படிப்பட்ட செய்திகள் எல்லாம் சேர்ந்த நாளோடு முடிந்துவிடுகின்றன. முதல் வருடம் அனாடமி வாய்மொழித் தேர்வில், அதாவது வைவாவில், என்ன ஆயிற்று என்று எந்த நிருபரும் போய்க் கேட்பதில்லை.

வயது மீறிப் படித்தவர் என்றால் எனக்கு ஆல்பர்ட் ஷ்வைட்சர்தான். ஆப்பிரிக்காவில் மருத்துவமனை கட்டியவர், 1952ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அவர் படித்த கதை தெரியாது. 1905இல், 30 வயதில், ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் ஆசிரியராக இருந்துகொண்டே அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பீடத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நின்றார். அதற்குள் தத்துவத்திலும் இறையியலிலும் பட்டம் வாங்கியாயிற்று. பாக் என்ற இசைமேதையைப் பற்றிப் பிரெஞ்சில் புத்தகம் எழுதியாயிற்று. ஐரோப்பாவில் பேர் தெரிந்த ஆர்கன் கலைஞர் வேறு. டீனுக்கு இவரை மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தேவலை என்றிருந்ததாம். ஆசிரியராக இருப்பவர் மாணவராகப் பதிய விதி இடம் தரவில்லை. பதியாமல் வெறுமனே வகுப்பில் உட்கார்ந்தால் தேர்வு எழுத முடியாது. கடைசியில் அரசு விதியைத் தளர்த்தியது. பேராசிரியர்களும், சக ஆசிரியர்தானே என்று கட்டணம் வாங்காமல் உட்கார வைத்தார்கள். பகலில் மருத்துவம் கேட்பது, இறையியல் நடத்துவது, ஞாயிறு பிரசங்கம், நடுவே ரயிலேறிக் கச்சேரி. பாக் புத்தகத்தைப் பெரிதாக்கி ஜெர்மனில் திரும்ப எழுதியதும் அப்போதுதான். அது 1908இல் வந்தது. இறுதித் தேர்வுக் கட்டணத்தைக்கூட மியூனிக்கில் ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார்.

இதைப் படித்துவிட்டு “என்ன மனவலிமை!” என்று எல்லோரும் வாய் பிளப்பார்கள். தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொல்லும் இன்னொரு செய்தியைத்தான் விட்டுவிடுவார்கள். ஞாபக சக்தி இருபது வயதில் இருந்ததுபோல் இல்லை என்று அவரும் எழுதுகிறார். ஆனால் அவருக்கு இடைஞ்சலாக இருந்தது அது மட்டுமல்ல. தேர்வுக்கென்று உருப்போடுவதில் அவருக்கு விருப்பமே இல்லை. தூய அறிவியலைத்தான் படிப்பேன் என்று இருந்தார். முதற்கட்டத் தேர்வுக்குச் சில வாரமே இருக்கும்போது, கூடப் படித்த பையன்கள் வற்புறுத்தித் தங்கள் உருப்போடும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். எந்தப் பேராசிரியர் வழக்கமாக என்ன கேட்பார், என்ன பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று மாணவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்பு அங்கே இருந்தது. ஷ்வைட்சர் உட்கார்ந்து அதைப் படித்தார். 1908 மே மாதம் அந்த முதற்கட்டத்தில் தேறினார்.

நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான். சக ஆசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மூத்த மாணவரைக் கவிழ்ப்பது மறதி அல்ல, மனப்பாடத்தின் மேல் இருக்கும் இளக்காரம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இளக்காரம் கிடையாது. சௌராசியாவின் அனாடமிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும். வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கோ முதல் வாரத்திலேயே ‘கிரேஸ் அனாடமி’ முழுவதும் வேண்டும். எதற்கும் ‘ஏன்’ தெரிந்தாக வேண்டும். முன்கையில் பத்துப் பக்கம் போவதற்குள் பார்ட் கம்ப்ளீஷன் தேர்வு வந்துவிடும்.

     

உன் துறையிலிருந்தே சொல்கிறேன். பிரசவத்தில் தோள் இழுபட்டுக் கை துவண்ட குழந்தைகளை நீ எத்தனையோ பார்த்திருப்பாய். போலீஸ்காரர் பின்பக்கமாகக் கை நீட்டி மாமூல் வாங்கும் நிலை என்று பாடப்புத்தகமே வருணிக்குமே, அந்தக் கை. எந்தத் தசை போயிற்று, எப்படி நீட்ட வேண்டும், எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கே நீ பாடம் எடுப்பாய். வைவாவில் இது எதையும் கேட்க மாட்டார்கள். இழுபட்ட அந்த இடத்தைக் காட்டி, “எர்ப் புள்ளியில் சேரும் ஆறு நரம்பு எவை?” என்பார்கள். சி5, சி6 வேர்கள், மேல் தண்டின் முன் பிரிவு, பின் பிரிவு, சுப்ராஸ்காப்புலர் நரம்பு, சப்கிளேவியஸுக்குப் போகும் நரம்பு. ஆறும் தடங்கலில்லாமல் வர வேண்டும். ஐந்தாவதில் நின்று, “சார், நோயாளியை வைத்துச் சொன்னால்...” என்று இழுத்தால் தேர்வாளர் அடுத்த நம்பரைக் கூப்பிடுவார். அவர் அற்பர் என்று நீ நினைத்துக்கொள்வாய். அந்த நினைப்போடு எழுந்து வந்தவர்களை நான் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

“கூகுளில் இருக்கிறதே சார்” என்று மட்டும் எனக்குப் பதில் எழுதாதே. இரவு இரண்டு மணிக்குக் காஷுவாலிட்டியில் ஊசி ஒவ்வாமல் மூச்சுத் திணறி ஒருவர் வந்து விழுவார். பெரியவருக்கு அட்ரினலின் ஆயிரத்தில் ஒன்று, அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஏன் தொடை, ஏன் அரை மில்லி என்பதையெல்லாம் விடிந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். உருப்போட்டது அங்கே கைகொடுக்கும். அனுபவம் அதற்குப் பிறகுதான் வரும்.

இந்த இளக்காரம் கல்லூரி வரைக்கும்கூடக் காத்திருக்காது, நீட்டிலேயே தலைகாட்டும். 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, அதில் ஏறக்குறைய பாதி தாவரவியல். பாசி, பெரணி என்று போகும். டாக்டராக இதெல்லாம் எதற்கு என்று உனக்குக் கோபம் வரும். தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும் என்பதால் கோபத்துக்குத் தனியாகக் கட்டணமும் உண்டு. ஷ்வைட்சரும் மருத்துவத்துக்குள் நுழைய இயற்கை அறிவியல் பாடங்களைத்தான் முதலில் படிக்க வேண்டியிருந்தது. அவர் அலுத்துக்கொள்ளவில்லை, காலூன்ற நிலம் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டார்.

உனக்கு இன்னும் நெருக்கமான ஆள் வேண்டுமென்றால் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ். செவிலியாக இருந்து, முதுகு வலியால் அதை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, 1951இல் 33 வயதில் மருத்துவம் சேர்ந்து 1957இல் தேறினார். பத்து வருடத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். சாகிறவர்களின் வலியைத் தணிக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் குறி. உன் குறி என்ன என்று உன் கடிதத்தில் எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

மற்றவை உனக்கே தெரியும். நாலரை வருடம் படிப்பு, ஒரு வருடம் சி.ஆர்.ஆர்.ஐ. என்கிற மருத்துவமனைப் பயிற்சி. உதவித்தொகை அந்தக் கடைசி வருடத்தில்தான், அதுவரை சம்பளம் கிடையாது. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்பு, முழுப் படிப்புக்கும் ஒன்பது வருடம், அதற்கு மேல் விதி விடாது. இன்று உன்னை ‘மேடம்’ என்கிற முதுகலை (பிஜி) படிக்கும் பையன் நாளைக்கு ரத்த சாம்பிளோடு உன்னை லேபுக்கு ஓட விடுவான். ஓட வேண்டும்.

வேலையை இப்போதே விட்டுவிடாதே, அம்மா. நீ பிளஸ் டூ படித்த காலத்துப் புத்தகங்கள் மாறிவிட்டன. பதினொன்றாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. உயிரியலை வாங்கி, பணி முடிந்து வந்த பிறகு, தாவர உலகம் என்ற பாடத்தை ஒரு வரி விடாமல் உருப்போடு. எரிச்சல் இல்லாமல் அது முடிந்ததென்றால் எனக்கு எழுது. ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
உன் அனாடமி வாத்தியார்