கூடு கட்டுவோனும் குஞ்சு வளர்ப்போளும்

தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குருளை, கன்று முதலாக ஒன்பது இளமைப் பெயர்களைத் தருகிறது. எவ்வுயிரின் இளமைக்கு எப்பெயர் உரியது என்பதை அவ்வியல் வரையறுத்துச் செல்கிறது. அவ்விளமையைப் பேணும் பொறுப்பு தாயினதா, தந்தையினதா, இருவரதுமா என்னும் வினா இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உயிரியல் அதற்குத் தரும் விடையை, நாமெல்லாம் சிறுவயது முதல் அறிந்த தூக்கணாங்குருவியைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

மழையில் நனைந்த குரங்குக்கு அறிவுரை கூறித் தன் கூட்டை இழந்த குருவியின் கதையை அறியாதார் நம்மில் இலர். அக்குருவி ஈரமண்ணில் மின்மினியைப் பதித்துக் கூட்டிற்கு விளக்கேற்றும் என்றும் நாட்டுப்புறத்தார் கூறுவர். கூட்டின் உட்புறத்தில் மண் ஒட்டப்பட்டிருப்பது மெய், விளக்கு கற்பனை. இக்கதைகளைக் கேட்கும் நாம், ஆணும் பெண்ணும் ஒன்றுகூடி இல்லறம் நடத்தும் இல்லமாகவே அக்கூட்டை எண்ணிக்கொள்கிறோம். கூர்ந்து நோக்கியவர் கண்டதோ வேறு.

பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896 – 1987) செர்மனியில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பியபின், 1930ஆம் ஆண்டில் மும்பைக்குத் தெற்கே கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கியிருந்தார். ஊதியமளிக்கும் பணி அப்போது அவருக்கு இல்லை. ஆயினும் அருகிலிருந்த தூக்கணாங்குருவிக் குடியிருப்பை மழைக்காலத்தில் இடைவிடாது நோக்கிக் குறிப்பெடுத்தார். அவ்வாய்வுக் கட்டுரை 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது.

அவர் கண்டது இது. கூட்டைத் தொடங்குவது ஆண்குருவி. புல்லையும் பனையோலையையும் நாராகக் கிழித்து, நூற்றுக்கணக்கான முறை பறந்து சென்று கொணர்ந்து, கவிழ்த்த தொப்பி போன்ற பாதிக்கூட்டைப் பின்னுகிறது. பின்னர்ப் பெண்குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. பெண் ஒன்று ஏற்றுக்கொண்டால்தான் கூடு நிறைவு பெறும். முட்டை வைக்கும் அறையும் தொங்கும் குழல்வாயிலும் அமையும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த துணைக்கு அழைப்பு விடுக்கிறது! அடைகாப்பது பெண் மட்டுமே. குஞ்சுகளுக்கு இரை தேடும் சுமையும் பெரிதும் அதன்மீதே விழுகிறது. மரத்தில் தொங்கும் முற்றுப்பெறாத கூடுகளை, ஆண்குருவி ஆடிமகிழக் கட்டிய ஊஞ்சல்கள் என்று முன்னையோர் சிலர் கருதினர். பெண் ஏற்காத கூடுகளே அவை என்பது பின்னரே விளங்கிற்று.

இதனைக் கேட்டதும் ஆண்குருவியைப் பொறுப்பற்ற தந்தை என்று பழிக்கத் தோன்றும். அது நம் அறநூலைக் குருவியின் தலையில் சுமத்துவதாகும். உயிரியலார் பரிணாமம் என்றும் தமிழறிஞர் சிலர் கூர்தல் என்றும் வழங்கும் நெறியின்படி, வழிவழி வரும் இயல்புகளுள் எது மிகுதியான குஞ்சுகளைப் பிழைக்க வைக்கிறதோ அதுவே அடுத்த தலைமுறைகளில் பரவும். மழைக்காலத்து வயல்வெளியில் தானியமும் வெட்டுக்கிளியும் மிகுந்திருக்க, தாய் ஒருத்தியே குஞ்சுகளை வளர்த்துவிட இயலும். அங்கே உதவிக்கு நிற்கும் தந்தை காப்பாற்றுவது கூடுதலாக ஒரு குஞ்சையேனும் ஆகலாம். இன்னொரு கூடு கட்டும் தந்தை பெறுவதோ ஓர் ஈட்டு முட்டைகள் முழுவதும்.

இரை அரிதாகும் இடத்தில் இக்கணக்கு தலைகீழாக வேண்டுமன்றோ? அவ்வாறே ஆகிறது என்பதை ஜான் குரூக் என்னும் ஆங்கில அறிஞர் 1964இல் காட்டினார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வாழும் இக்குருவிக் குடும்பத்தின் ஏறத்தாழ 90 இனங்களை அவர் ஒப்பிட்டார். அடர்காட்டில் சிதறிக் கிடக்கும் பூச்சிகளைத் தேடியுண்ணும் இனங்கள் பெரும்பாலும் தனித்தனி இணைகளாக வாழ்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்தே இரையூட்டுகின்றன. புல்வெளியில் தானியம் உண்பவை பெரும்பாலும் கூட்டமாகக் கூடமைக்கின்றன. அங்கு ஓர் ஆணுக்குத் துணை பல. ஒரே குடும்பத்துப் பறவைகள் உணவு கிடைக்கும் முறையால் இருவேறு இல்லறங்களை மேற்கொள்வது நம் சிந்தனைக்குரியது. இவ்வொப்பீட்டு முறையே அக்கட்டுரையின் பெருங்கொடை என்பது நம் கருத்து.

நம் ஏரிகளில் அல்லியிலையின்மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியிடம் பாத்திரங்கள் மாறிவிடுகின்றன. பெண் நான்கு முட்டைகளை இட்டுவிட்டு வேறு துணை தேடிச் செல்ல, ஆண் அடைகாத்துக் குஞ்சுகளைப் பேணுகிறது. பொரிந்த உடனே தாமே இரை கொத்தும் குஞ்சுகளாதலின் காவலர் ஒருவரே போதும்.

ஆனைமலைக் காடுகளின் பெரிய இருவாச்சியிடமோ விட்டுச் செல்லும் வழியே இல்லை. பெண், மரப்பொந்தினுள் புகுந்து தன் எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்கிறது. எஞ்சுவது அலகு நீட்டும் சிறு பிளவு மட்டுமே. அதன்வழி அத்திப்பழமும் பிறவும் ஊட்டுவது ஆணின் வேலை. அடைகாப்பு மட்டும் 40 நாள் அளவு நீள்கிறது. இடையில் ஆண் இறந்துபடின் தாயும் சேயும் பெரும் இடர்ப்படும். இங்கே வேறிடம் செல்லும் ஆண், தன் வழித்தோன்றலையே இழக்கும்.

எல்லாம் கணக்கே எனின் தாயன்பு எங்கே என்று பெரியோர் வினவக்கூடும். இறைவன் தன் கருணையை நூறு பங்காக்கி ஒரு பங்கையே புவிக்கு அருளினான் என்றும், குதிரை தன் குட்டியை மிதித்துவிடாது குளம்பை உயர்த்துவதும் அதனாலேயே என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்ததாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அவ்வன்பு எவ்வுயிரில் எவ்வளவு, எதுவரை செயற்படுகிறது என்று அளந்தறிவது அதனை மறுப்பதாகாது.

எதுவரை என்பதற்கும் விடையுண்டு. பெற்றோர் ஒரு குஞ்சிற்குச் செலவிடும் உழைப்பு அடுத்த குஞ்சிற்கான வலுவைக் குறைக்கும் என்பதை 1972இல் விளக்கிய ராபர்ட் டிரைவர்சு, 1974இல் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே எழும் முரணையும் எடுத்துக்காட்டினார். பால்குடி மறக்கும் பருவத்து வெள்ளாட்டுக்குட்டி கத்திக்கொண்டே மடியில் முட்டுவதையும், தாய் அதனை உதறிவிட்டு நகர்வதையும் நம் தெருக்களில் கண்டிருப்போம். முட்டுகின்ற அக்குட்டி தாயிடம் கேட்பது, இனிப் பிறக்கவிருக்கும் தன் தம்பி தங்கையருக்கு உரிய பங்கையும் சேர்த்துத்தான்.