மைனஸும் மைனஸும் பெருகினால் ப்ளஸ் ஏன்?

ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ கணக்குப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாலையில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்கும் கேள்வி இது. "அது விதி, மனப்பாடம் செய்" என்பதே பெரும்பாலும் நாம் தரும் பதில். ஆனால் இது யாரும் இட்ட கட்டளை அல்ல. கூட்டல், பெருக்கல் இவற்றின் எளிய பண்புகளிலிருந்து தானே விளைவது. அப்பண்புகளை முதலில் காண்போம்.

1. பரிமாற்றுப் பண்பு: அ + ஆ = ஆ + அ; அ × ஆ = ஆ × அ. சங்க விழாவில் 4 வரிசையாக ஆறாறு நாற்காலி போட்டாலும், 6 வரிசையாக நான்கு நான்கு போட்டாலும் மொத்தம் 24தான். கழித்தலுக்கு இப்பண்பு இல்லை: 7 - 3 வேறு, 3 - 7 வேறு.

2. சேர்ப்புப் பண்பு: (அ + ஆ) + இ = அ + (ஆ + இ). பெருக்கலுக்கும் இதுவே. 17 + 96 + 4 என்றால் பின்னிரண்டை முதலில் சேர்த்து 100 ஆக்குங்கள். 117 என்று வாயாலேயே சொல்லிவிடலாம்.

3. சமனி: 0-ஐக் கூட்டினாலும் 1-ஆல் பெருக்கினாலும் எண் மாறாது.

4. எதிரெண்: அ + (-அ) = 0.

5. பங்கீட்டுப் பண்பு: அ × (ஆ + இ) = அ × ஆ + அ × இ. கூட்டலையும் பெருக்கலையும் இணைக்கும் பாலம் இதுதான். ரூ.102 வீதம் 8 புத்தகங்கள் என்றால் 800 + 16 = ரூ.816.

இனி நம் கேள்விக்கு வருவோம். 3 + (-3) = 0. இதை (-2)-ஆல் பெருக்கினாலும் விடை 0தான். பங்கீட்டுப் பண்பின்படி,

(-2) × 3 + (-2) × (-3) = 0

பரிமாற்றுப் பண்பின்படி (-2) × 3 என்பது 3 × (-2). அதாவது (-2)-ஐ மூன்று முறை கூட்டுவது. விடை -6. அப்படியானால் -6 உடன் எதைக் கூட்டினால் 0 வரும்? 6-ஐத்தான். ஆகவே (-2) × (-3) = 6. வேறு விடை சொன்னால் பங்கீட்டுப் பண்பே உடைந்துவிடும்!

கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் 'பிராம்மஸ்புட சித்தாந்த'த்தில் மிகை எண்ணைச் 'செல்வம்' என்றும் குறை எண்ணைக் 'கடன்' என்றும் அழைத்து, இரு கடன்களின் பெருக்கம் செல்வம் என்று விதி வகுத்தார்.

தேர்வில் மதிப்பெண்ணைப் பறிக்கும் பிழை ஒன்று: (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என எழுதிவிடுவது. (அ + ஆ) × (அ + ஆ) என விரித்துப் பங்கீட்டுப் பண்பை இருமுறை பயன்படுத்துங்கள். விட்டுப்போன 2அஆ தானே வந்து நிற்கும்.

பயிற்சி: 99 × 37-ஐ மனத்திலேயே பெருக்குங்கள். (விடை: 3700 - 37 = 3663)