பெரோஸ் காந்தியாரும் ஒரு சிறிய மசோதாவும்

குடியரசு முறையில் ஒருவரைச் சட்டசபைக்கு அனுப்பும் வாக்காளர், அவர் அங்கே சென்று செய்தது யாது என்று கேட்கும் உரிமை உடையர். இவ்வுரிமையை மறுப்பார் ஒருவரும் இலர். ஆயின் அதனைச் செலுத்தும் வகை யாது என்று வினவினால் விடை பகர்வார் சிலரே. இக்காலத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எத்தனை நாள் சபைக்கு வந்தார், எத்தனை வினாக்கள் விடுத்தார், எத்தனை மசோதாக்கள் கொணர்ந்தார் என்று எண்ணி அட்டவணை வகுத்து வெளியிடுகின்றனர். அட்டவணை பயனற்றது என்பது எமது கருத்தன்று. எனினும் ஓர் ஆசிரியரை அவர் கரைத்துத் தீர்த்த சுண்ணக்கட்டிகளைக் கொண்டு மதிப்பிடுவார் உண்டோ? 2005-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வினா எழுப்புவதற்குப் பணம் பெற இசைந்தனர் என்ற குற்றத்திற்காக லோக சபையினர் 10 பேரும் ராஜ்ய சபையினர் ஒருவரும் பதவியினின்று நீக்கப்பட்டனர். அவ்வாறு விடுக்கப்படும் வினாவும் அட்டவணையில் ஒன்று என்றே ஏறும்.

ஆதலின் எண்ணிக்கையை ஒருபுறம் வைத்து, ஓர் அங்கத்தினரின் வரலாற்றை மட்டும் எடுத்து, அவர் கொணர்ந்த மசோதா என்ன செய்தது என்று ஆராய்வது மாணவர்க்கு அதிகப் பயன் தரும். அதற்கு யாம் தேர்ந்தவர் பெரோஸ் காந்தியார்.

இவர் 1912-இல் பம்பாயில் பார்ஸி வகுப்பில் பிறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஜவஹர்லால் நேருவின் மகளாரை 1942-இல் மணந்தவர். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் 1957-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் ரேபரேலிப் பகுதியினின்று லோக சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். முதற் சில ஆண்டுகள் அவர் பின்வரிசையில் பெரும்பாலும் மௌனியாகவே அமர்ந்திருந்தார். அந்நாளில் அட்டவணை வகுப்பார் இருந்திருப்பின் அவருக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணே அளித்திருப்பர்.

அவர் வாய் திறந்தது 1955-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். அக்காலத்தே ஆயுள் இன்ஷியூரன்ஸ் தொழில் முழுவதும் தனியார் கம்பெனிகளிடம் இருந்தது. குமாஸ்தாவும் ஆசிரியரும், தமக்குப் பின் மனைவி மக்கள் தவியாமற் பொருட்டு, மாதந்தோறும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம் அக்கம்பெனிகளின் பெட்டியில் சேர்ந்தது. பெருஞ்செல்வராகிய டால்மியாவின் ஆட்சியில் இருந்த பாரத் இன்ஷியூரன்ஸ் கம்பெனியில் அப்பணம் எவ்வாறு வேறு வியாபாரங்களுக்குத் திருப்பப்பட்டது என்பதைக் காந்தியார் கணக்குகளைக் கொண்டே சபையில் விளக்கினார். உணர்ச்சிப் பெருக்கான சொற்பொழிவு அன்று அது. கணக்குப் புத்தகத்தைப் படிக்கக் கற்ற ஒருவரின் பேச்சு. அடுத்த ஜனவரி 19-ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றினால் அரசாங்கத்தார் ஆயுள் இன்ஷியூரன்ஸ் தொழிலைத் தம் வசம் எடுத்துக்கொண்டனர். 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பரேஷன் தோன்றியது. டால்மியா பின்னர்ச் சிறைத் தண்டனை அடைந்தார். ஒரு பேச்சே இத்தனையும் செய்தது என்று கூறுதல் மிகையாகும். தேசியமாக்கும் எண்ணம் அரசாங்கத்தார்க்கு முன்னமே இருந்தது. ஆனால் அப்பேச்சு அதனை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை.

இங்கே ஒரு சட்டச் சிக்கலை மாணவர் கவனித்தல் வேண்டும். சபையினுள் அங்கத்தினர் பேசும் எச்சொல்லுக்காகவும் அவர்மேல் எந்நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தல் இயலாது. அரசியலமைப்பின் 105-ஆவது விதி அவருக்கு இந்தக் காப்பை அளிக்கின்றது. சபையின் ஆணையால் அச்சிடப்படும் அறிக்கைக்கும் அக்காப்பு உண்டு. ஆனால் அதே பேச்சை மறுநாட் காலையில் வெளியிடும் பத்திரிகைக்கு அது இல்லை! செல்வர் ஒருவரைப் பற்றிச் சபையில் கூறப்பட்ட குற்றச்சாட்டைப் பத்திரிகையாசிரியர் எழுத்துக்கு எழுத்து உண்மையாகவே பிரசுரித்தாலும், அச்செல்வர் அவதூறு வழக்கிட்டு அவரை அலைக்கழிக்கலாம். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், நீதிமன்ற நடவடிக்கைகளைப் பிரசுரித்தல் அவதூறாகாது என்று விலக்குக் கூறியதேயன்றிச் சட்டசபை நடவடிக்கைகளைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அச்சட்டம் வகுக்கப்பட்ட காலத்தில் இந்தியர் வாக்களித்து அமைத்த சட்டசபை எது இருந்தது, அதனை நினைப்பதற்கு? இங்கிலாந்திலோ, பிரபுக்கள் சபையின் விவாதத்தை வெளியிட்ட டைம்ஸ் பத்திரிகையின்மேல் வேஸன் என்பார் தொடுத்த வழக்கில், உண்மையான அறிக்கைக்குக் காப்பு உண்டு என்று 1868-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாயிற்று.

இதன் விளைவு யாது? சுவர்களுக்குள் முழு உரிமை. சுவருக்கு வெளியே அச்சம். எந்த வாக்காளர்க்காகப் பேசப்பட்டதோ அவர் செவிக்கு அப்பேச்சு சேர்வது பத்திரிகையாசிரியரின் துணிவையும் அவர் வக்கீலின் ஆலோசனையையும் பொறுத்ததாயிற்று. தாமே பத்திரிகை நிர்வாகத்தில் இருந்து பழகிய பெரோஸ் காந்தியார்க்கு இவ்வச்சத்தின் தன்மை நன்கு தெரியும். அவர் 1956-இல் ஒரு மசோதா கொணர்ந்தார். அது அவ்வாண்டின் 24-ஆம் எண் சட்டமாகி, பார்லிமெண்டு நடவடிக்கைகள் பிரசுரப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. பிரிவுகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. அவற்றின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் அடக்கலாம். பார்லிமெண்டின் இரு சபைகளிலும் நிகழ்ந்ததைப் பெரிதும் உண்மையாக வெளியிடும் பத்திரிகையின்மேல், அது பகைமை எண்ணத்தால் வெளியிட்டதென்று நிறுவப்பட்டாலன்றி, வழக்கு நில்லாது. வானொலிக்கும் இஃது ஒக்கும். பொதுநலத்திற்கு உரியதல்லாத விஷயத்தைப் பிரசுரித்தலுக்கு இக்காப்பு இல்லை. சபைக் காப்பின் மறைவில் நின்று பிறரைத் தூற்றும் அங்கத்தினரும் உலகில் உண்டு. அவரது வசையைப் பரப்புதற்கு இச்சட்டத்தைக் கருவியாக்குதல் ஆகாது என்பதற்காகவே இவ்வரம்புகள் இடப்பட்டன.

மந்திரியல்லாத அங்கத்தினர் கொணர்வது தனி அங்கத்தினர் மசோதா எனப்படும். வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் இரண்டரை மணி நேரமே அவற்றுக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது. அவ்வேளையில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் பலர் இருப்பர். குடியரசு தோன்றிய நாள்முதல் இதுகாறும் இத்தகைய மசோதாக்கள் 14 மட்டுமே சட்டமாயின. 1970-க்குப் பின் ஒன்றுமே இல்லை. இதனால் மற்றவை வீண் என்று கொள்ளலாகாது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் நாட்டவராகிய திருச்சி சிவா அவர்கள் கொணர்ந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை ராஜ்ய சபை நிறைவேற்றிற்று. லோக சபையில் அது சட்டமாகவில்லை. பின்னர் அரசாங்கத்தாரே அதே பொருள் குறித்து வேறொரு மசோதாவைக் கொணர்ந்து 2019-இல் சட்டமாக்கினர். இரண்டுக்கும் வேறுபாடுகள் பல. எனினும், பேசாதிருந்த சபையைப் பேச வைத்த பெருமை முந்தியதற்கே உரியது என்பேம்.

காந்தியாரின் சட்டம் பயன்பட்ட இடத்திற்கு இனி வருவோம். புதிய கார்ப்பரேஷன் தோன்றி ஓராண்டு நிறைவதற்கு முன்னே, 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கல்கத்தா வியாபாரியாகிய ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை அது ஏறத்தாழ 1¼ கோடி ரூபாய் கொடுத்து வாங்கிற்று. முந்த்ராவின் நிலைமை அப்பொழுதே ஆட்டங்கண்டிருந்தது. பணத்தை எதில் இடுவது என்று ஆராய்வதற்கென்றே அமைந்த கமிட்டியைக் கலந்துகொள்ளாமலே காரியம் முடிந்தது. சந்தை விலைக்கு மேற்பட்ட விலையும் சில பங்குகளுக்குத் தரப்பட்டது.

டிசம்பர் 16-ஆம் நாள் பெரோஸ் காந்தியார் சபையில் எழுந்தார். அவர் ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். பிரதம மந்திரியின் மருகர். குற்றத்திற்கு இலக்கான கார்ப்பரேஷனோ தாமே வேண்டி நின்ற தேசியமாக்கலின் குழந்தை. இம்மூன்றில் ஒன்றே போதும், மற்றொருவரை வாளா இருக்கச் செய்வதற்கு. அவர் இருக்கவில்லை. நிதி மந்திரியாக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியார், அரசியலமைப்பின் வரைவுக் கமிட்டியில் பணியாற்றிய மேதை. பங்குகள் யாரால், யார் சொல்ல, எந்த நாளில், என்ன விலைக்கு வாங்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகக் கேட்ட வினாக்களுக்கு அரசாங்கத் தரப்பில் கூறிய சமாதானம் சபைக்கு நிறைவளிக்கவில்லை. மறுநாள் அவ்வினாக்கள் அனைத்தும் தேசமெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தன. முந்த்ராவின் பெயரையும் தொகையையும் அச்சிட ஆசிரியர்கள் அஞ்சவேண்டிய அவசியம் இல்லாது போயிற்று. பதினெட்டுத் திங்களுக்கு முன் நிறைவேறிய அச்சிறு சட்டம் இல்லாதிருப்பின், பெயரில்லாத ஒரு வியாபாரி, குறிப்பிடாத ஒரு தொகை என்ற அளவிலே செய்தி வந்து ஓய்ந்திருக்கவும் கூடும்.

பம்பாய்ப் பிரதம நியாயாதிபதி எம். ஸி. சாக்ளா அவர்கள் ஒருவரே விசாரணைக் கமிஷனாக நியமிக்கப்பட்டார். விசாரணையைப் பொதுமக்கள் காணவே நடத்தினார். கூட்டம் இடங்கொள்ளாமையால் வெளியே ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மந்திரியும், நிதி இலாகாக் காரியதரிசி எச். எம். படேலும், கார்ப்பரேஷன் தலைவரும் அங்கே வந்து சாட்சி கூறினர். சில வாரங்களிலேயே, 1958-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அறிக்கை முடிந்தது. காரியதரிசி செய்ததற்கு மந்திரியே சபைக்குப் பொறுப்பாளி. நான் அறியேன் என்று அவர் விலகி நிற்றல் ஒவ்வாது என்பது நியாயாதிபதியின் முடிவு. கிருஷ்ணமாச்சாரியார் அம்மாதமே ராஜினாமா செய்தார். முந்த்ரா சிறை புகுந்தார்.

இத்தீர்ப்பு கிருஷ்ணமாச்சாரியார்க்குக் கொடிது என்று கருதியோர் அந்நாளில் சென்னையில் பலர் இருந்தனர். அவர் தம் கைக்கு ஒரு காசு கொண்டார் என்று கமிஷன் கூறவில்லை என்பதை நாமும் மறத்தலாகாது. பொறுப்பு வேறு, குற்றம் வேறு. பிறர் குற்றத்திற்கும் தலைவன் பொறுப்பாளியாதல் மந்திரி சபை முறையின் கடுமையான பகுதி. அக்கடுமை இல்லையேல் அம்முறையே இல்லை. அவர் 1962-இல் மீண்டும் மந்திரியாகி, 1963 முதல் 1965 வரை மறுபடியும் நிதி இலாகாவையே நடத்தினார். படேலும் பிற்காலத்தே அரசியலிற் புகுந்து 1977-இல் நிதி மந்திரியானார்! வாக்காளர் நினைவு நீண்டதோ குறுகியதோ என்ற விவாதத்தை நம் மாணவர் சங்கத்தார்க்கு விட்டுவிடுகிறோம்.

காந்தியாரின் கணக்கில் சேர்க்கத்தக்கது மற்றொன்று உண்டு. டாட்டாவின் கம்பெனி ரயில்வேக்கு விற்ற எஞ்சின்களின் விலை, ஜப்பானிய எஞ்சினின் விலையினும் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது என்று காட்டி, அக்கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். டாட்டாக்கள் அவர் வகுப்பினரே. பார்ஸிகளிடையே பெருங்கலக்கம் உண்டாயிற்று. கோரிக்கை நிறைவேறவில்லை. சரியான கோரிக்கையா என்பதிலும் எமக்கு ஐயமுண்டு. அவர் எவரையும் விலக்கிவைத்துக் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்கு மட்டும் இதனைக் குறித்தோம்.

1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு நான்கு நாட்களுக்கு முன், அவர் மாரடைப்பால் காலமானார். அவருடைய சட்டம் பின்னும் பதினைந்து ஆண்டுகள் இருந்தது. 1975-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டு, பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அப்பொழுதும் பார்லிமெண்டில் எதிர்க்கட்சியினர் பேசத்தான் செய்தனர். பேச்சை வெளியிடுவோர்க்குக் காந்தியாரின் சட்டம் கேடயமாய் நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்றினால் அது நீக்கப்பட்டது. 1976-இல் பார்லிமெண்டும் அந்நீக்கத்தை உறுதி செய்தது. அப்பொழுது பிரதம மந்திரியாக இருந்தவர் அவருடைய மனைவியாராகிய இந்திரா காந்தியார். பெரோஸ் காந்தியாரை அனுப்பிய அதே ரேபரேலியே அம்மையாரையும் சபைக்கு அனுப்பியிருந்தது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலில் அத்தொகுதியினர் அவரைத் தோற்கடித்தனர்.

புதிய அரசாங்கத்தார் அவ்வாண்டிலேயே சட்டத்தைப் பழைய பெயருடனும் பெரும்பாலும் பழைய சொற்களுடனும் மீட்டனர். சாதாரணச் சட்டமாயின் மற்றொரு நாள் மற்றொருவர் நீக்கிவிடலாம் என்பதை உணர்ந்து, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தத்தால் 361-அ என்ற விதியை அரசியலமைப்பிலேயே சேர்த்தனர். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பார்லிமெண்டின் இரு சபைகளை மட்டுமே தழுவியது. இவ்விதியோ ராஜ்யச் சட்டசபைகளையும் தழுவுவதால், சென்னைச் சட்டசபையில் பேசப்பட்டதை உண்மையாக வெளியிடும் தமிழ்ப் பத்திரிகைக்கும் அன்றுமுதல் அக்காப்பு உண்டாயிற்று. இரகசியக் கூட்டங்களின் நடவடிக்கைகள் மட்டும் இதற்குப் புறம்பானவை.