நெற்றிப் பட்டை மாத்திரைக்கு மாற்றாகுமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு) என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, கம்ப்யூட்டரில் விளையாட வைத்து, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் கூட்டினால் மாத்திரையே தேவைப்படாது என்கிறது ஒரு பயிற்சி மையம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.

பட்டைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால், ஆக்சிஜன் ஏறிய இரத்தம் அங்கே கூடுதலாகப் பாயும். அகச்சிவப்பை ஒட்டிய ஒளி தோலையும் மண்டையோட்டையும் ஊடுருவும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இதை வைத்து மூளையின் ஆக்சிஜன் நிலையை வெளியிலிருந்தே கண்காணிக்கலாம் என்று 1977இல் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் காட்டினார். அந்த அளவீட்டை வைத்து, பிள்ளை கவனத்தைக் குவிக்கும்போது திரையில் படம் ஓடும், சிதறினால் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து மூளை பழகிக்கொள்ளும் என்பதுதான் இந்தப் பயிற்சியின் நம்பிக்கை.

ஆனால் அந்த ஒளி மூளையைத் தொடுமுன் நெற்றித் தோலைக் கடக்க வேண்டும். தோலிலும் இரத்தம் ஓடுகிறது. பையன் நெற்றியைச் சுருக்கினாலே, தலையை அசைத்தாலே கருவியின் கணக்கு மாறலாம். மூளையின் இரத்த ஓட்டமும் உடனே கூடுவதில்லை. உச்சத்துக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும்.

அளக்க முடிகிறது என்பதாலேயே குணமாகும் என்று ஆகிவிடாது. லண்டன் ஆய்வாளர்கள் இதைவிடத் துல்லியமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஏடிஎச்டி உள்ள 88 பையன்களில் ஒரு சாராருக்கு, மூளையின் வலது முன்பகுதியில் கட்டுப்பாட்டுக்கு உதவும் ஓர் இடத்தின் இயக்கத்தைத் திரையில் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கும் அதே ஸ்கேன், அதே விளையாட்டு. திரையில் வந்ததோ போலிக் குறிப்பு. எந்தப் பையன் எந்தப் பிரிவு என்பது பெற்றோருக்குத் தெரியாது. 2022இல் முடிவு வெளிவந்தது: ஏடிஎச்டி அறிகுறிகளைக் குறைப்பதில் உண்மைப் பயிற்சி போலியை முந்தவில்லை.

மூளை அலைகளை வைத்துச் செய்யும் பயிற்சியும் இப்படித்தான். அமெரிக்காவில் 142 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் இரண்டு பிரிவுமே நன்றாக முன்னேறின, போலிப் பயிற்சி பெற்ற பிரிவும்கூட! வாரந்தோறும் ஒருவர் பிள்ளையோடு பொறுமையாக உட்கார்வது, பாராட்டுவது, பெற்றோரின் நம்பிக்கை – இவை எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். அந்த முன்னேற்றம் பொய்யல்ல. அதற்காக விலை உயர்ந்த கருவிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இத்தனைக்கும் பிறகு “மாத்திரையே வேண்டாம்” என்று ஒரு மையம் வாக்குக் கொடுப்பது பெரிய தவறு.

அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். வகுப்பாசிரியரிடம் பேசி மகனை முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். வீட்டுப்பாடத்தைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்துக் கொடுங்கள். மாத்திரையால் பசி குறைகிறதா, தூக்கம் கெடுகிறதா என்று கவனித்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் அவருக்கு வழி உண்டு.