மண்நீர் உறிஞ்சி: குழியை நிரப்புவதில்தான் வேலை

குரோம்பேட்டை, நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழில் விட்ட குரோமியத்தை அறிய எல்லோரும் முதலில் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோதான் சோதிக்கிறார்கள். அது கீழே வந்து சேர்ந்துவிட்டதன் கணக்கு. மேல்மண்ணில் தங்கி, மழைக்கு மழை இறங்கிக்கொண்டிருப்பதை அறிய மண்துகள்களுக்கு இடையே உள்ள நீரை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிவிசி குழாயின் நுனியில் நுண்துளைப் பீங்கான் முனை, மேலே ரப்பர் அடைப்பான், காற்றை வெளியே இழுக்க ஒரு கை பம்பு, நீரைச் சேர்க்க ஒரு பாட்டில்: கருவி இவ்வளவுதான். 1904-இல் பிரிக்ஸும் மெக்காலும் ‘செயற்கை வேர்’ என்ற பெயரில் எழுதிய அதே தத்துவம். இதில் கருவி கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் அதைச் சுற்றிக் குழியை நிரப்பும் விதத்தால்.

புதிய முனையை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் அலசி, பிறகு டிஸ்டில்டு வாட்டரை அதன் வழியே பலமுறை இழுத்துவிடுங்கள். நனைந்த முனையை வாளி நீரில் அமிழ்த்திக் குழாய்க்குள் காற்றை அழுத்தினால் இணைப்பில் குமிழி வரக்கூடாது. பீங்கான் சில உலோகங்களைத் தன்மீது பிடித்துக்கொள்ளும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு, நியாயம்தான். அதற்காகவே அமில அலசல், அதற்காகவே முதல் ஒன்றிரண்டு மாதிரிகளைக் கொட்டிவிடுவது. உலோகம்தான் முக்கியக் கேள்வி என்றால் டெஃப்ளான் முனை வாங்குவது மேல்.

இனி குழி. குழாயைவிடச் சற்றே அகலமான ஆகரால் துளையிட்டு, எடுத்த மண்ணை ஆழவாரியாகத் தனித்தனிக் குவியலாக வையுங்கள். பல்லாவரம் பக்கம் சிதைந்த சார்னோகைட் பாறை தட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் இடம் மாறுங்கள். அடியில் முனையை வைத்து மண்ணைத் தள்ளி மூடுவது பெரும் தவறு. முனைக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் நீர்த்தொடர்பு அறுந்துவிடும். பம்பு இழுப்பது வெறும் காற்றைத்தான். ஆகவே மாவு போன்ற சிலிக்கா பவுடர் 450 கிராமுக்குச் சுமார் 150 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்துக் கெட்டியான குழம்பாக்கி, மேலிருந்து ஊற்றாமல் ஒரு குழாய் வழியே அடிவரை இறக்கி, இறுகுவதற்குள் முனையை அதில் அமிழ்த்துங்கள். முனை முழுதும் மூடி அதற்கு மேலும் சில சென்டிமீட்டர் குழம்பு நிற்க வேண்டும். எம்-சாண்ட் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பருமணலின் துளைகள் சிறிய இழுப்புக்கே காலியாகிவிடும். தோண்டிய மண்ணையே சலித்துக் குழைத்தால் என்ன என்றால், மேல்மண் கலந்துவிட்டால் அதன் குரோமியத்தை நீங்களே முனையில் பூசுகிறீர்கள். அடிமண்ணாகவே இருந்தாலும் களிமண் குழம்பு காயும்போது சுருங்கி முனையை விட்டு விலகும். போர் தண்ணீரில் குழைப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குழம்புக்கு மேல் அந்த ஆழத்து மண்ணை ஒரு சாண் போட்டுக் குத்தி, அதன்மேல் நனைந்தால் உப்பும் பென்டோனைட் களியால் அடைப்பு வையுங்கள். களிமண் தானே இறுகிக்கொள்ளும், பென்டோனைட் வீண்செலவு என்ற வாதம் மழைக்காலத்தில் மட்டும் எடுபடும். கோடையில் அதே களிமண் வெடித்துக் குழாயை விட்டு விலகும். அடுத்த மழை அந்த வெடிப்பில் நேராக முனைக்கு இறங்கும். அப்போது உங்கள் பாட்டிலில் இருப்பது தெருத் தண்ணீர். மீதிக் குழியை எடுத்த வரிசையிலேயே திருப்பி, அடுக்கடுக்காகக் குத்தி நிரப்பி, தரைக்கு அருகே இன்னொரு பென்டோனைட் அடைப்பு வைத்து, மேலே மண்ணை மேடாக்கிவிடுங்கள். குழாயைச் சாய்வாகப் பதிப்பது என் கட்சி: முனைக்கு நேர் மேலே கலைக்காத மண் இருக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் மண் நனைந்ததும் பதித்துவிட்டால் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எல்லாம் படிந்துவிடும். இழுப்பு 50 முதல் 60 கிலோபாஸ்கல் போதும். மே மாதத்தில் பாட்டில் காலியாக இருந்தால் கருவியைப் பிடுங்காதீர்கள். மண் அதைவிட இறுக்கமாக நீரைப் பிடித்திருக்கிறது, அவ்வளவே. எடுத்த நீரை இரண்டாகப் பிரியுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் மட்டும் நைட்ரிக் அமிலம். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கானதில் அமிலம் கூடாது, அது மூன்று இணைதிறனாக மாறிவிடக்கூடும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.