எச்சரிக்கை மணியை எவ்வளவு நம்பலாம்?

பதினொன்றாம் வகுப்பில் பேயிஸ் தேற்றம் வந்ததும் மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பணிபுரியும் நமக்கு அதைவிட நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. வகுப்பில் சிலருடைய அப்பாவோ அக்காவோ ஷிஃப்டுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள்.

"ஓடுகிற மோட்டாரில் பேரிங் தேய்ந்தால் எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். சூடாகும், அதிரும், சத்தம் வரும் என்பார்கள். பழைய மெக்கானிக்குகள் ஸ்குரூடிரைவர் முனையை மோட்டார்மேல் வைத்து, கைப்பிடியில் காதை ஒட்டிக் கேட்பதுண்டு. அந்த வேலையை இப்போது அதிர்வு உணரி செய்கிறது.

இனி கணக்கு. எண்கள் வகுப்புக்காக நாம் வைத்துக்கொள்பவை. 10,000 சோதனைகளில் 100-இல்தான் உண்மையான பழுது. உணரி 90 விழுக்காடு சரியாகச் சொல்லும். அதாவது பழுதில் 90-ஐப் பிடிக்கும், பழுதில்லாத 9,900-இல் 990 தடவை வீணாக மணி அடிக்கும். மொத்த மணி 1,080. அதில் உண்மை 90, பன்னிரண்டில் ஒன்று! கணக்கிடும் முன்பே விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் 90 விழுக்காடு என்றே சொல்வார்கள். அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடமே இருக்கிறது.

பன்னிரண்டில் பதினொரு முறை பொய் சொல்லும் மணியை மனிதர்கள் என்ன செய்வார்கள்? காதில் வாங்கமாட்டார்கள், அல்லது அணைத்துவிடுவார்கள். 1984 டிசம்பர் 2 இரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 610-ஆம் தொட்டியின் அழுத்தம் ஏறுவதைக் கருவி காட்டியது. அங்கே கருவிகள் தவறாகக் காட்டுவது வழக்கமாகியிருந்ததால் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவதாக ஒரு வெப்ப உணரியைச் சேர்ப்போம். அதற்கும் அதே 90 விழுக்காடு. இரண்டும் சொன்னால் மட்டுமே மணி என்றால் உண்மை 81, பொய் 99. நம்பகம் 45 விழுக்காடாக ஏறுகிறது, ஆனால் 19 பழுதுகள் தப்பிவிடுகின்றன. ஏதேனும் ஒன்று சொன்னாலே மணி என்றால் தப்புவது 1, பொய் மணியோ 1,881. (இரண்டும் சார்பற்றவை என்று கொண்டே பெருக்குகிறோம். ஒரே ஒயரில் மின்சாரம் பெறும் இரு உணரிகள் அப்படி ஆகுமா? நல்ல மாணவர் இதைக் கேட்பார்.)

எது சரி என்பதை எண் மட்டும் சொல்லாது. பேரிங் தேய்ந்தால் லைன் சில மணி நேரம் நிற்கும். அங்கே இரண்டும் சொல்லட்டும் என்று காத்திருக்கலாம். பிரஸ் இயந்திரத்தில் கை நுழைந்ததைக் கண்டு நிறுத்தும் உணரிக்கு அது பொருந்தாது. அங்கே தப்பும் ஒன்று ஒருவருடைய விரல்கள்.

வீட்டுப்பாடமாக ஒரு மாற்றம்: இயந்திரங்கள் பழையவை, 10,000-இல் 2,000 பழுது. முதலில் பார்த்த அதே ஒற்றை உணரிதான். இப்போது மணி அடித்தால் எத்தனை விழுக்காடு நம்பலாம்?