அதே இரண்டு பெக், அதே மூளை அல்ல

ரயில்வே சிக்னல் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின் மாலை ஏழு மணியானால் இரண்டு பெக் என்பது வழக்கமாயிற்று. "அளவோடுதானே" என்று வீட்டில் வாதாடுவேன். சென்ற வருடம் அல்சூர் மார்க்கெட்டில், ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் காய்கறிப் பையுடன் அரை மணி நேரம் நின்றேன். வயதாகிவிட்டது என்றேன். "வயசு மட்டும்தானாப்பா?" என்று மகள் கேட்டாள். அதன் பிறகு படித்ததையும் டாக்டரிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 30 மில்லி விஸ்கியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. வீட்டில் நாமே ஊற்றும் பெக் 30-இல் நிற்பதில்லை; என்னுடையதை அளந்து பார்த்தேன், 60! வயது ஏற ஏற உடம்பில் நீர்ச்சத்து குறைகிறது. மது கரைவது அந்த நீரில்தான். அரைக்குடம் தண்ணீரில் அதே கைப்பிடி உப்பைப் போட்டது போல, நாற்பதில் தாங்கிய அளவு அறுபத்தைந்தில் ரத்தத்தில் அதிகமாக ஏறுகிறது.

வயதானால் மூளை சற்றுச் சுருங்குவது இயற்கை. மது அதைக் கூட்டுவதாகவே தெரிகிறது. பிரிட்டனில் 36,000-க்கும் மேற்பட்டோரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். தினம் ஒன்றிரண்டு யூனிட் (ஒரு யூனிட் 8 கிராம்) குடிப்பவர்களிடமே மூளையின் அளவு குறைவாக இருந்தது. குடி கூடக் கூட அந்தக் குறைவும் கூடியது. மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் வெண்ணிற நரம்பிழைகளும் பாதிக்கப்படுகின்றன. கேபிளின் உறை கெட்டால் சிக்னல் என்ன பாடுபடும் என்பது எங்கள் பிரிவு ஆட்களுக்குத் தெரியும்.

அதிகம் குடித்து, சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு வைட்டமின் பி-1 குறைந்துபோகும். தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, குழப்பம் வரும். 1881-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நோய் இது. "போதையில் கிடக்கிறார்" என்று நாம் விட்டுவிடுவதுதான் ஆபத்து. உடனே பி-1 ஊசி போடாவிட்டால், காலையில் நடந்தது மாலையில் நினைவில் தங்காத நிலை நிரந்தரமாகிவிடலாம்.

தடுக்கி விழுவதும் சாதாரணமல்ல. சுருங்கிய மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் இழுபட்டிருக்கும். சிறு அடியிலும் ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துக் குழப்பமாக வெளிப்படும்.

ஒரு எச்சரிக்கை. தினம் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. வலிப்பு, சித்தப்பிரமை வரலாம். ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கேயே மூளை அருங்காட்சியகமும் உண்டு. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நிறுத்தினால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தி எட்டு மாதமாகிறது. ஸ்கூட்டர் நிற்கும் இடம் இப்போது நினைவிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் பெயர்தான் இன்னும் நழுவுகிறது.